வெற்றுக்கூட்டின் சாட்சியம்

நுழையும்முன்

குற்றம் நிகழ்ந்த இடத்தில் எஞ்சி நிற்கும் பொருள்களுள் மிகச் சிறியவையே சில வேளைகளில் மிகப் பெரிய உண்மையைத் தாங்கியிருக்கும். துப்பாக்கியிலிருந்து உதிர்ந்து விழும் பித்தளைக்கூடு அத்தகையது. அதன்மேல் பதிந்த கீறலையும் படிந்த கரியையும் முறையாகப் படித்தறிவதை ஓர் அறிவியலாக வளர்த்தவர்களுள் முதன்மையானவர் கால்வின் கோடார்டு. நோயின் காரணம் காணப் பயின்ற மருத்துவர் ஒருவர், தடயத்தின் காரணம் காணும் அறிஞராக உயர்ந்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பால்டிமோர் நகரில் 1891ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கால்வின் ஹூக்கர் கோடார்டு பிறந்தார். அந்நகரில் புகழுடன் விளங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1911இல் இளங்கலைப் பட்டமும் 1915இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து, முதல் உலகப்போர்க் காலத்தில் பணியாற்றினார். போருக்குப்பின் மருத்துவமனை நிருவாகப் பொறுப்புகளை ஏற்றார்.

துப்பாக்கிகளின் அமைப்பையும் அவை இயங்கும் முறையையும் ஆராய்வதில் அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. மருத்துவமும் படைக்கருவியும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற துறைகளாகத் தோன்றலாம். ஆனால், கோடார்டின் வாழ்வில் அவை ஒரே பாதையாக இணைந்தன. உடலில் தோன்றும் குறிகளைக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத நோயைக் கண்டறிவது மருத்துவரின் பணி. உலோகத்தில் தோன்றும் குறிகளைக்கொண்டு கண்ணெதிரே இல்லாத துப்பாக்கியைக் கண்டறிவது அவர் பின்னர் மேற்கொண்ட பணி. இரண்டிற்கும் வேண்டியது ஒன்றே: முன்முடிவு இல்லாத உற்றுநோக்கல்.

முறையற்ற சான்றுகளின் காலம்

கோடார்டு இத்துறைக்கு வருவதற்குமுன் துப்பாக்கித் தடயங்களைப்பற்றி நீதிமன்றங்களில் சான்று கூறியோர் பலருக்கு உறுதியான ஆய்வுமுறை எதுவும் இல்லை. பேச்சுத்திறனே வல்லமையாகக் கருதப்பட்டது. அதனால் விளைந்த தீமைக்கு இரு நிகழ்வுகள் சான்றாகும்.

1906ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் நகரில் நள்ளிரவில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. மதுக்கடைப் பணியாளர் ஒருவர் உயிரிழந்தார். காவல் அலுவலர் ஒருவர் படுகாயமுற்றார். அருகிலிருந்த கோட்டையில் தங்கியிருந்த 25ஆம் காலாட்படைப் பிரிவின் கறுப்பினப் படைவீரர்கள்மீது பழி விழுந்தது. தெருவில் பொறுக்கி எடுக்கப்பட்ட 39 ரைபிள் தோட்டாக்கூடுகள் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 33 கூடுகள் அப்பிரிவின் நான்கு ரைபிள்களில் சுடப்பட்டவை என்று, உருப்பெருக்கிய ஒளிப்படங்களின் துணையால் கூறப்பட்டது. எந்த விசாரணை மன்றமும் கூடாமல் 167 வீரர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டனர்.

அக்கூடுகள் சிலவற்றில் வழக்கத்துக்கு மாறான ஒரு குறி காணப்பட்டது. ஊசி தாக்கிய பள்ளம் ஒன்றாக இல்லாமல் இரண்டாகப் பதிந்திருந்தது. புதிதாக வழங்கப்பட்ட ரைபிள்களில் பூசப்பட்டிருந்த கெட்டியான மசகு, ஊசியின் வேகத்தைக் குறைத்தமையால் முதல் தாக்குதலில் தோட்டா வெடிக்காமல் மறுமுறையும் தாக்க நேர்ந்ததே அதன் காரணம் எனப் படைவீரர்களுக்காக வாதிட்டோர் எடுத்துக்காட்டினர். அவ்வாறாயின் அக்கூடுகள் பிரவுன்ஸ்வில் தெருவில் சுடப்பட்டவை அல்ல. சில மாதங்களுக்கு முன்னர் வேறோர் ஊரின் பயிற்சிக்களத்தில் சுடப்பட்டுச் சேமித்துக் கொண்டுவரப்பட்டவை என்பது அவர்களது வாதம். எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டது என்பதைக் குறி காட்டலாம். எப்போது, எங்கே சுடப்பட்டது என்பதை அது தானாகக் காட்டிவிடாது. இவ்வேறுபாட்டை உணராமையால் நூற்றுக்கணக்கானோரின் வாழ்வு சிதைந்தது. அவர்களுடைய நற்பெயர் 1972ஆம் ஆண்டில்தான் மீட்டளிக்கப்பட்டது. அப்போது அவர்களுள் பெரும்பாலோர் உயிருடன் இல்லை.

இரண்டாவது நிகழ்வு 1915ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்தது. எழுத்தறிவற்ற பண்ணைத் தொழிலாளியான சார்லஸ் ஸ்டைலோ, தம் பண்ணை உரிமையாளரையும் அவர் வீட்டுப் பணிப்பெண்ணையும் சுட்டுக்கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். தம்மை வல்லுநர் என்று கூறிக்கொண்ட ஒருவர், கொலைக்குண்டுகளில் காணப்படும் கீறல்கள் ஸ்டைலோவின் சுழல் துப்பாக்கியால் ஏற்பட்டவையே என்று உறுதிபடச் சான்று கூறினார். ஸ்டைலோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை நிறைவேறும் தறுவாயில் அது நிறுத்திவைக்கப்பட்டு, மறுவிசாரணை நடந்தது. ஒளியியல் வல்லுநர் மாக்ஸ் போசர், ஸ்டைலோவின் துப்பாக்கியில் சுட்டுப் பெற்ற குண்டுகளைக் கொலைக்குண்டுகளோடு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, இரண்டின் தடங்களும் வேறுபட்டவை என்பது தெளிவாயிற்று. 1918இல் ஸ்டைலோ விடுதலை பெற்றார்.

அம்மறுவிசாரணையில் பங்குகொண்ட சார்லஸ் வெயிட் என்னும் அரசு அலுவலரின் உள்ளத்தை இந்நிகழ்வு ஆழமாகத் தைத்தது. சொல்வன்மையால் ஒரு மனிதனின் உயிர் பறிக்கப்படும் நிலை இனி நேரக்கூடாது என்று அவர் எண்ணினார். துப்பாக்கித் தொழிற்சாலைகளை நாடிச் சென்று, ஒவ்வொரு வகைத் துப்பாக்கியின் குழல் அளவையும் உட்பள்ளங்களின் எண்ணிக்கையையும் அவை சுழலும் திசையையும் திரட்டத் தொடங்கினார்.

நால்வர் கூடிய பணியகம்

வெயிட்டின் முயற்சி 1925ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் தடய எறிகணையியல் பணியகமாக உருப்பெற்றது. நுண்ணோக்கி ஒளிப்படக்கலையில் தேர்ந்த வேதியியலாளர் பிலிப் கிராவெல், கருவி வடிவமைப்பாளர் ஜான் ஃபிஷர், மருத்துவர் கோடார்டு ஆகியோர் வெயிட்டுடன் இணைந்தனர். துப்பாக்கிக் குழலின் உட்புறத்தைக் காணவும் அளக்கவும் உதவும் கருவியை ஃபிஷர் உருவாக்கினார். கிராவெல் வடிவமைத்துத் தந்த ஒப்பீட்டு நுண்ணோக்கியே இத்துறையின் போக்கை மாற்றியது.

ஒரு குண்டைப் பார்த்துவிட்டு மற்றொன்றைப் பார்ப்பதற்குள் முதலாவதன் தோற்றம் நினைவில் மங்கிவிடும். மங்கிய இடத்தை மனம் தன் விருப்பத்தால் நிரப்பிக்கொள்ளும். ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரண்டு நுண்ணோக்கிகள் ஒரே கண்ணருகு வில்லையால் இணைக்கப்பட்டுள்ளன. ஒரு பொருளின் இடப்பாதியும் மற்றொரு பொருளின் வலப்பாதியும் ஒரே வட்டத்தில் அருகருகே தோன்றும். கோடு கோட்டோடு பொருந்துகிறதா, இல்லையா என்பதைப் பார்ப்பவர் நேரடியாகக் காணலாம். ஒளிப்படமாக்கிப் பிறருக்கும் காட்டலாம். சான்று என்பது ஒருவரின் நினைவைச் சார்ந்து நிற்கும் நிலை மாறியது.

1926இல் வெயிட் மறைந்தார். பணியகத்தின் பொறுப்பு பெரிதும் கோடார்டைச் சேர்ந்தது.

கூடு கூறும் செய்தி

தோட்டா என்பது குண்டு, வெடிமருந்து, அதனை எரியச்செய்யும் எரியூட்டி, இவை அனைத்தையும் தாங்கும் பித்தளைக்கூடு ஆகிய நான்கும் சேர்ந்தது. விசையை அழுத்தியதும் துப்பாக்கியின் ஊசி எரியூட்டியைத் தாக்கும். வெடிமருந்து எரிந்து பெருகும் வளிமம் குண்டை முன்னே தள்ளும். அதே விசை கூட்டைப் பின்னோக்கித் தள்ளி, துப்பாக்கியின் பின்முக எஃகுப் பரப்பில் மோதச்செய்யும். எஃகினும் மென்மையான பித்தளை, தன்னைத் தொட்டவற்றின் வடிவையெல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்ளும்.

ஊசியின் முனை இட்ட பள்ளம், பின்முகப் பரப்பில் அரமும் கடைசல் கருவியும் விட்டுச்சென்ற நுண்வரிகளின் அச்சு, கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கியின் கீறல், வெளியே எறியும் உறுப்பின் வடு என ஒரு சிறு கூட்டில் பல குறிகள் பதிகின்றன. ஒரே தொழிற்சாலையில், ஒரே நாளில் செய்யப்பட்ட இரு துப்பாக்கிகளிலும் இந்நுண்வரிகள் வேறுபடுகின்றன. கருவிகளின் முனை ஒவ்வொரு வெட்டிலும் சிறிது தேய்வதும், பயன்பாட்டில் புதிய வடுக்கள் தோன்றுவதுமே அதற்குக் காரணம்.

இவற்றோடு கரிப்படிவும் சேர்கிறது. வெடிப்பின் அழுத்தம் போதிய அளவில் இருந்தால் பித்தளை விரிந்து தோட்டா அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வளிமம் பின்னே கசிய வழியிராது. கூட்டின் உடற்பகுதி பெரும்பாலும் தூய்மையாக இருக்கும். அழுத்தம் குறைந்தாலோ, அறை தளர்ந்திருந்தாலோ புகை பின்னோக்கி வழிந்து, கூட்டின் கழுத்திலும் உடலிலும் கருங்கோடுகளாகப் படியும். எரியூட்டியின் ஓரத்தில் கசிவு நேர்ந்தால் அதனைச் சுற்றிக் கருவளையம் தோன்றும். தோட்டா அறையில் மணலோ அழுக்கோ இருப்பின் அதுவும் கூட்டில் தடம் பதிக்கும்.

எனவே, கூட்டில் காணப்படும் குறிகள் அனைத்தும் ஒரே மதிப்புடையவை அல்ல. சில, அந்த வகைத் துப்பாக்கிகள் அனைத்துக்கும் பொதுவானவை. சில, அந்த ஒரு துப்பாக்கிக்கே உரியவை. சில, அந்த ஒருமுறை மட்டும் தற்செயலாக நேர்ந்தவை. இவற்றைப் பிரித்தறிவதற்குரிய வழி எளியது. ஐயத்துக்குரிய துப்பாக்கியில் அதே வகைத் தோட்டாக்களைப் பலமுறை சுட்டுப் பார்க்க வேண்டும். எக்குறி மீண்டும் மீண்டும் தோன்றுகிறதோ அதுவே துப்பாக்கியின் இயல்பு. ஒருமுறை தோன்றி மறைவது சூழலின் விளைவு. ஒரு நாள் காய்ச்சலைக்கொண்டு நோயை உறுதிசெய்யாத மருத்துவரின் பொறுமை இங்கும் வேண்டப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்

கூட்டின்மேல் படிந்த கரி துடைத்தால் நீங்கிவிடும். பித்தளையில் அழுந்திய அச்சு நீங்காது. ஆகவே, தடயங்களைச் சேகரிப்போர் கூடுகளைத் தேய்த்துத் தூய்மை செய்யாமல், கிடைத்த நிலையிலேயே தனித்தனியாக உறையிட்டு, கிடைத்த இடத்தைக் குறித்துவைக்க வேண்டும்.

நாடே நோக்கிய வழக்கு

1920ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சவுத் பிரெயின்ட்ரீ என்னும் ஊரில், காலணித் தொழிற்சாலையின் ஊதியப் பணத்தைக் கொண்டுசென்ற இருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இத்தாலியிலிருந்து குடியேறியவர்களும் அரசின்மைக் கொள்கையர்களுமான சாக்கோ, வான்செட்டி ஆகிய இருவரும் 1921இல் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அவர்களது கொள்கைக்காகவும் பிறப்புக்காகவுமே தண்டிக்கப்படுகின்றனர் என்று உலகின் பல நகரங்களில் கண்டனம் எழுந்தது. துப்பாக்கித் தடயங்களைப்பற்றி இருதரப்பு வல்லுநர்களும் ஒருவரையொருவர் மறுத்துரைத்தனர்.

1927ஆம் ஆண்டு ஜூன் மாதம் கோடார்டு தம் நுண்ணோக்கியுடன் மாசசூசெட்ஸ் சென்று தடயங்களை ஆராய்ந்தார். கொலையிடத்தில் கிடைத்த நான்கு கூடுகளுள் ஒன்றும், இறந்தவர்களின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட குண்டுகளுள் ஒன்றும் சாக்கோவின் கைத்துப்பாக்கியில் சுடப்பட்டவை என்பது அவரது முடிவு. நுண்ணோக்கி வழியே தாமே கண்டபின், எதிர்த்தரப்பு வல்லுநர் ஒருவரும் தம் முந்தைய கருத்தைக் கைவிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1961இலும் 1983இலும் நடந்த மறு ஆய்வுகள் கோடார்டு கண்ட பொருத்தத்தை உறுதிசெய்தன.

ஆயினும், கூட்டின் பொருத்தம் வழக்கின் எல்லா வினாக்களுக்கும் விடையாகிவிடவில்லை. துப்பாக்கி யாருடையது என்பதை அது சுட்டியது. விசாரணை நேர்மையாக நடந்ததா என்பதை அதனால் சொல்ல இயலவில்லை. வான்செட்டிக்கு எதிராக அக்கூடு எதுவும் கூறவுமில்லை. அவ்விருவர்மீதும் நடந்த விசாரணை நேர்மையற்றது என்று 1977இல் மாசசூசெட்ஸ் ஆளுநர் அறிவித்தார். தடயத்தின் வலிமையும் அதன் எல்லையும் ஒருசேர வெளிப்பட்ட வழக்கு இது.

எழுபது கூடுகள்

1929ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் சிகாகோ நகரின் வடக்கு கிளார்க் தெருவில் உள்ள ஊர்திக் கொட்டகை ஒன்றில் எழுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். கொலையாளிகளுள் இருவர் காவலர் சீருடையில் வந்திருந்தனர். சட்டவிரோத மது வணிகத்தில் ஈடுபட்ட கும்பல்களின் பகையே இதற்குக் காரணம் என்று கருதப்பட்டது. எனினும், சீருடையைக் கண்ட மக்களிடையே, காவலர்களே இக்கொலைகளைச் செய்தனரோ என்னும் ஐயம் பரவியது.

இறப்பு விசாரணை அதிகாரி ஹெர்மன் பண்டெசன் கோடார்டை வரவழைத்தார். கொட்டகையில் 70 கூடுகள் கிடைத்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்த கோடார்டு, அவை இரண்டு தாம்சன் துணை இயந்திரத் துப்பாக்கிகளிலிருந்து வெளிவந்தவை என்று கண்டார். 50 கூடுகள் ஒரு துப்பாக்கியையும் 20 கூடுகள் மற்றொன்றையும் சேர்ந்தவை. பின்னர், காவல்துறையினரிடம் இருந்த தாம்சன் துப்பாக்கிகளைப் பெற்றுச் சுட்டுப்பார்த்து ஒப்பிட்டார். எதுவும் பொருந்தவில்லை. காவல்துறையின்மீது படிந்த பழி நீங்கியது. குற்றவாளியைக் காட்டும் முன்பே குற்றமற்றவரைக் காத்தது அச்சான்று.

அவ்வாண்டு டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் சார்லஸ் ஸ்கெல்லி என்னும் இளம் காவலர் சுட்டுக்கொல்லப்பட்டார். கொலையாளி தங்கியிருந்த வீட்டைச் சோதித்தபோது இரண்டு தாம்சன் துப்பாக்கிகள் கிடைத்தன. அவ்வீட்டில் வேறு பெயரில் வாழ்ந்தவன் ஃபிரெட் பர்க் என்னும் தொழில்முறைக் குற்றவாளி. கோடார்டு அவ்விரு துப்பாக்கிகளிலும் சுட்டுப் பெற்ற கூடுகளையும் குண்டுகளையும் சிகாகோ தடயங்களோடு ஒப்பிட்டார். இம்முறை கோடுகள் பொருந்தின. எழுவரைக் கொன்ற படைக்கருவிகள் அவையே என்பது உறுதியாயிற்று. அவற்றுள் ஒன்று, 1928இல் நியூயார்க்கில் நிகழ்ந்த மற்றொரு கும்பல் கொலையிலும் பயன்பட்டது என்பதும் தெரியவந்தது.

1931இல் பிடிபட்ட பர்க், ஸ்கெல்லியைக் கொன்ற குற்றத்துக்காக வாழ்நாள் சிறைத்தண்டனை பெற்று, 1940இல் சிறையிலேயே இறந்தான். சிகாகோ கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. துப்பாக்கி எது என்பதை அறிவியல் கூறியது. அதனை ஏந்திய கை எது என்பதைப் பிற சான்றுகளே நிறுவியிருக்க வேண்டும்.

ஆய்வகம் பிறந்தது

சிகாகோ வழக்கின் விசாரணைக் குழுவில் இடம்பெற்றிருந்த தொழிலதிபர் பர்ட் மாசி முதலியோர் கோடார்டின் பணியைக் கண்டு வியந்து பொருளுதவி செய்ய முன்வந்தனர். அதன் பயனாக, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் சார்பில் அறிவியல்முறைக் குற்றத் துப்பறிவு ஆய்வகம் தோன்றியது. கோடார்டு அதன் இயக்குநரானார். துப்பாக்கித் தடயத்தோடு கைரேகை, குருதி, கையெழுத்து முதலியவற்றின் ஆய்வும் அங்கு ஒரே கூரையின்கீழ் நடைபெற்றது. காவலர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. 1932இல் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பு தன் ஆய்வகத்தை நிறுவியபோது, இங்குப் பெற்ற பயிற்சி அதற்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

பிற்காலத்தில் கோடார்டு மீண்டும் இராணுவப் பணிக்குத் திரும்பினார். இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஜப்பானில் அமெரிக்க இராணுவத்தின் குற்றப் புலனாய்வு ஆய்வகத்தில் பணிபுரிந்தார். இறுதி ஆண்டுகளில் இராணுவ மருத்துவத் துறையின் வரலாற்றைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டார். மருத்துவராகத் தொடங்கிய அவரது பயணம் மருத்துவ வரலாற்றில் வந்து நிறைந்தது. 1955ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் வாஷிங்டன் நகரில் அவர் மறைந்தார்.

விட்டுச்சென்ற நெறி

இன்று கூடுகளின் படங்கள் கணினித் தரவுத்தளங்களில் சேமிக்கப்படுகின்றன. நெடுந்தொலைவிலுள்ள இரு நகரங்களில் நிகழ்ந்த குற்றங்களுக்கிடையேயுள்ள தொடர்பைக் கணினி விரைவில் சுட்டிக்காட்டுகிறது. ஆயினும், இறுதி முடிவுக்குமுன் வல்லுநர் ஒருவர் ஒப்பீட்டு நுண்ணோக்கியில் இரு கூடுகளையும் அருகருகே வைத்து நோக்குவது தொடர்கிறது. அத்தகைய முடிவுகளில் பிழை நேரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை இன்னும் உறுதியான ஆய்வுகளால் அளந்தறிய வேண்டும் என்று 2009இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றத்தின் அறிக்கை வலியுறுத்தியது. அறிவியல் தன் கருவியையும் ஐயுற்று நோக்கும்போதே நம்பகம் பெறுகிறது.

ஸ்டைலோவுக்கு எதிராகச் சான்று கூறியவருக்கும் கோடார்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு கருவியில் மட்டும் இல்லை. முன்னவர் தாம் சொல்ல விரும்பியதைக் கீறல்களில் கண்டார். கோடார்டோ கீறல்கள் சொல்வதைக் கண்டபின் அதை மட்டும் சொன்னார். சிகாகோ காவலர்களைக் குற்றமற்றவர்கள் எனக் காட்டியதும், பர்க்கின் வீட்டுத் துப்பாக்கிகளை அடையாளம் காட்டியதும் ஒரே முறையே. தண்டிப்பதற்கு ஒரு முறை, காப்பதற்கு வேறொரு முறை என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஒரு சிறு பித்தளைக்கூட்டின் சாட்சியத்தை ஏற்குமுன், அதனால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதைத் தெளிந்துகொள்வதே நீதியின் தொடக்கம்.

கற்பவை கற்றபின்...

1. பிரவுன்ஸ்வில், சிகாகோ ஆகிய இரு நிகழ்வுகளிலும் தோட்டாக்கூடுகள் சான்றாகப் பயன்பட்ட முறையை ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. தடயம் கூறுவது, தடயத்தைக்கொண்டு நாம் ஊகிப்பது ஆகிய இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அன்றாட வாழ்வின் நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.